நுரையீரல் தழும்பு: கேள்வி பதில்

கோண்டாவில்: ஐயா, அம்மாவின் சி.ரி. ஸ்கான் அறிக்கையில் வலது நுரையீரலின் உச்சியில் தழும்பு என்று இருக்கிறது. புற்றுநோயா?

பதில்: தழும்பு என்பது ஆறிய காயத்தின் தடம்; அந்தச் சொல்லுக்குப் புற்றுநோய் என்று பொருளில்லை. நம் நாட்டில் உச்சியில் சிறு தழும்பு தெரிந்தால், முன்பு வந்து ஆறிய சயரோகத்தையே முதலில் நினைப்போம். சிலருக்கு அது வந்துபோனதே தெரிந்திராது. இரு பக்கமும் அடிப்பகுதியில், விளிம்பையொட்டித் தேன்கூடு போலத் துளைகளுடன் பரவும் தழும்பு வேறு வகை. அதில் காற்றறைகளின் சுவர் தடித்து, ஒட்சிசன் குருதியைச் சேர்வது கடினமாகிறது. உச்சித் தழும்பு பழையதா, புதியதா என்பதைப் பழைய படமே சொல்லும். சில வருடங்களுக்கு முந்தைய எக்ஸ்றேயிலும் அது அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. வளர்ந்திருந்தால் காரணம் தேட வேண்டும். ஆகவே படங்களை எறியாதீர்கள். இடப்பெயர்வுகளில் அவற்றைத் தொலைத்தவர்கள் இன்றைய படத்தையாவது பத்திரப்படுத்துங்கள்.

சாவகச்சேரி: அப்பாவுக்கு இரு பக்கமும் அடியில் தழும்பு. சுருட்டுப் பிடிப்பார், புறா வளர்க்கிறார், மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேற் எடுக்கிறார்.

பதில்: நீங்கள் சொன்ன மூன்றுமே சந்தேகத்துக்குரியவை, மூட்டுவாதம் தானாகவும் நுரையீரலைத் தாக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், மூன்றையும் மார்பு நோய் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வட்டுக்கோட்டை: புறாவைக் குற்றம் சொல்வது அநியாயம். என் அப்பு ஐம்பது வருடம் வளர்த்தார்.

பதில்: எல்லோருக்கும் வருவதில்லை. எச்சத்திலும் இறகிலுமிருந்து எழும் தூசிக்குச் சிலரின் உடல் ஒவ்வாமை கொள்ளும். வருடக்கணக்கில் அதைச் சுவாசித்தால் அழற்சி தழும்பாகிவிடும். ஆரம்பத்தில் விலகியவருக்குத் தேற வாய்ப்புண்டு.

வட்டுக்கோட்டை: கூட்டைப் பின்வளவுக்கு மாற்றினால் போதாதா?

பதில்: கூட்டைத் துப்புரவாக்குபவரின் உடுப்போடு தூசி வீட்டுக்குள் வரும். போதாது.

மானிப்பாய்: தழும்பைக் கரைக்க மருந்துண்டா?

பதில்: இல்லை. நின்டெடனிப், பிர்பெனிடோன் ஆகியவை சில வகைகளில் தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும், பரவியதை மீட்காது.

நல்லூர்: எனக்கும் உச்சியில் தழும்பு. புற்றுநோயா?

பதில்: முதற்பதிலை வாசியுங்கள். பழைய படம் இருக்கிறதா?

பருத்தித்துறை: உச்சித் தழும்போடு மூன்று வாரமாக இருமல், சளியில் இரத்தம்.

பதில்: இங்கே காத்திருக்காதீர்கள். இன்றே வைத்தியசாலைக்குச் சென்று சளிப் பரிசோதனை செய்யுங்கள். பழைய படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

வட்டுக்கோட்டை: சரி ஐயா, எனக்கும் இருமல்தான். புறாக்களை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன்.

பதில்: மகன் அதே வீட்டில்தானே இருக்கிறார்?