ஓட்டக்காரர் கையில் பில்: ஷூ முதல் பிப் வரை, கேள்வி-பதில்

கேள்வி: வரும் ஜனவரியில் சென்னையில் என் முதல் ஹாஃப் மாரத்தான் (21.1 கி.மீ.). 10 கி.மீ. ஓட 1 மணி 10 நிமிடம் ஆகிறது. தள்ளுபடியில் 14,000 ரூபாய்க்கு கார்பன் பிளேட் ஷூ (சோலுக்குள் கார்பன் தகடு வைத்த போட்டி ஷூ) வருகிறது. வாங்கிவிடலாமா? (வேளச்சேரி)

பதில்: வேண்டாம். அதில் பாதிப் பணத்துக்கு உங்கள் காலுக்குப் பொருந்தும் சாதாரண டிரெய்னர் ஷூ கிடைக்கும். கார்பன் ஷூவுக்குப் பெயர் வாங்கித் தந்த "4 சதவீதம்" சக்திச் சேமிப்பு என்ற எண், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மணிக்கு 14, 16, 18 கி.மீ. வேகத்தில் ஓடியவர்களைச் சோதித்தபோது வந்தது. உங்கள் வேகம் மணிக்கு எட்டரை கி.மீ. சுமார்தான். பின்னர் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சோதித்துப் பார்த்ததில் சராசரிச் சேமிப்பு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சிலருக்குக் கூடுதல் சக்தியே செலவானது. போதாக்குறைக்கு உயரமான மென்மையான ஃபோம் மெதுவாக ஓடுபவரின் கணுக்காலை ஆட்டும். அடிப்புற ரப்பரும் பல மாடல்களில் மெலிதாக இருப்பதால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கடைக்கு மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் அப்போது சற்றே உப்பியிருக்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை வெளியே வழிந்தால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த ஷூ உங்களுக்கானது இல்லை. செருப்பிலேயே நடந்து பழகிய நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். 'வைட்' அல்லது '2இ' என்று குறித்த ஜோடியைக் கேளுங்கள். நீளத்தில், மிக நீண்ட கால்விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மிக நீண்ட விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பலருக்கு இரண்டாம் விரல் நீளம். கடைசியாகக் கடையின் படிக்கட்டில் ஏறிப் பாருங்கள். குதிகால் ஷூவை விட்டு மேலே எழும்பினால் அடுத்த மாடலுக்குப் போய்விடலாம்.

மிச்சப் பணத்தில் பாலியஸ்டர் அல்லது நைலான் கலந்த சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள். சென்னைப் புழுக்கத்தில் முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துக் கனத்து, 12 கி.மீ. தாண்டுவதற்குள் கொப்புளம் போட்டுவிடும்.

கேள்வி: ஒரு பிராண்டில் யூ.கே. 8 சரியாக இருந்தது. வேறு பிராண்டில் அதே யூ.கே. 8 ஆன்லைனில் வாங்கினால் விரல் இடிக்கிறது. போலியா? (திருச்சி)

பதில்: போலி என்று முடிவு கட்டாதீர்கள். ஆண்கள் ஷூவில் நைக்கி யூ.கே. 8 என்பது 27 செ.மீ., அடிடாஸ் யூ.கே. 8 என்பது 26.5 செ.மீ. யூ.கே. எண்ணை விட்டுவிட்டு ஷூ நாக்கின் உட்புற லேபிளில் 'செ.மீ.' அல்லது 'ஜே.பி.' (ஜப்பான் அளவு, அதுவும் செ.மீ.தான்) என்றிருக்கும் எண்ணைப் பாருங்கள். இப்போது பொருந்தும் ஷூவில் உள்ள எண்ணைக் குறித்து வைத்து, அதை வைத்தே ஆர்டர் போடுங்கள். வந்த ஷூவை வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பாருங்கள். தெருவில் ஒரு ரவுண்டு ஓடி சோலில் மண் ஒட்டிவிட்டால், அளவு காரணமாகத் திருப்பி அனுப்பப் பெரும்பாலும் முடியாது.

கேள்வி: ஷூ வாங்கி நாலு மாதம், ஓடியது 300 கி.மீ.க்குள். முன்பக்கம் சோல் பிரிந்து வாய் திறந்துவிட்டது. "ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு வாரண்டி கிடையாது" என்கிறார் கடைக்காரர். அவ்வளவுதானா? (மதுரை)

பதில்: இல்லை. முதலில் இது தேய்மானமா, தயாரிப்புக் குறையா என்று பிரித்தறியுங்கள், வழக்கே அதில்தான் இருக்கிறது. அடிப்புற ரப்பரின் பள்ளங்கள் இன்னும் ஆழமாக இருக்க, சோல் மட்டும் ஒட்டிய இடத்தில் வழவழப்பாகப் பிரிந்து வந்திருந்தால் பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள், அது குறை. ரப்பர் தேய்ந்து ஃபோம் தெரிகிற நிலையில் பிரிந்தால் தேய்மானம். ஓட்ட ஷூ பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்க வேண்டும் என்பதால் 300 கி.மீ. உங்கள் பக்கம் பேசும். ஓட்ட ஆப்பில் தூரப் பதிவு இருந்தால் அதையும் சான்றாக எடுத்து வையுங்கள்.

எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது, "வெயிலில் காயவைத்தீர்களா? வாஷிங் மெஷினில் போட்டீர்களா?" என்பதுதான். சூடு பசையை இளக்கும் என்பது உண்மை. வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ஷூவைப் போட்டு வைப்பதும் அதே கெடுதல்தான். நனைந்த ஷூவுக்கு இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாள் திணித்து, நிழலில் ஃபேன் காற்றே போதும்.

இனி சட்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். பில் தர மறுப்பதும் அதே கணக்கில் வரும். பில், பிரிந்த இடத்தின் படம், தேயாத ரப்பரின் படம் மூன்றையும் இணைத்துக் கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ச் சண்டையில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கெடு 2 ஆண்டு. ஆன்லைனில் வாங்கியவர்கள் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ஹாஃப் மாரத்தானில் என் ஜி.பி.எஸ். வாட்ச் 21.4 கி.மீ. காட்டியது. வாட்சைத் திருப்பிக் கொடுக்கலாமா, நடத்தியவர்கள்மேல் புகார் செய்யலாமா? (கோவை)

பதில்: இரண்டும் தேவையில்லை. முறையாக அளக்கும்போது பாதையை, வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, சாத்தியமான மிகக் குறுகிய கோட்டில் சைக்கிளால் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நீங்களோ கூட்டத்தைச் சுற்றி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவின் வெளிப்பக்கமாக ஓடியிருப்பீர்கள். அதோடு ஜி.பி.எஸ். பிழையும் சேர்ந்தால் 300 மீட்டர் கூடுவது சாதாரணம். 2 மணி நேரத்துக்குள் முடிக்கத் துல்லியக் கணக்கில் கிலோமீட்டருக்கு 5:41 நிமிடம் போதும். உங்கள் வாட்சின் கணக்கிலோ 5:36 வேண்டும். பல பேர் சில வினாடிகளில் இலக்கைத் தவறவிடுவது இங்கேதான்.

வாட்சை 'ஒவ்வொரு வினாடியும் பதிவு' என்று மாற்றுங்கள். புறப்படும் முன் திறந்தவெளியில் நின்று செயற்கைக்கோள் சிக்னல் பிடிக்கும்வரை காத்திருங்கள். இரட்டை அலைவரிசை மாடலுக்குக் கூடுதல் பணம் தருவது உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஓடுபவர்களுக்குத்தான் பலன் தரும். மெதுவாக ஓடும்போதும் இதயத் துடிப்பு 175 என்று நின்றால், அது பெரும்பாலும் வாட்ச் துடிப்பு என்று தவறாக எண்ணிய உங்கள் காலடி எண்ணிக்கை. வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை வாங்கலாம்.

கேள்வி: ஓடும்போது சக்திக்காக விழுங்கும் ஜெல் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். ஓ.ஆர்.எஸ். பொடி மலிவு. அதுவே போதாதா? (புதுச்சேரி)

பதில்: இரண்டும் வேறு வேலைக்கு. உலக சுகாதார நிறுவன அளவிலான ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், வியர்வையில் போன உப்பையும் நீரையும் ஈடுகட்டும், ஓட சக்தி தராது. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. பல ஜெல்களில் இருப்பது 20 முதல் 25 கிராம். சின்னப் பேரீச்சை நான்கைந்து தின்றாலும் ஏறக்குறைய அதே அளவுதான், மென்று விழுங்க முடிகிறவர்களுக்கு. எதுவானாலும் தண்ணீரோடு எடுங்கள், பயிற்சியின் நீண்ட ஓட்டத்திலேயே சோதித்துவிடுங்கள். போட்டி நாளில் புது ஜெல் வயிற்றைக் கலக்கும்.

பொடிப் பாக்கெட்டைக் கண்ணளவில் பாதி பாதியாகப் பிரிக்காமல், அதில் அச்சிட்ட அளவு தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பெட்டி பானங்களில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரை நம்பி வாங்கியவர்கள் பலர். உரிய கலவை இல்லாத பானத்தின் பெயரில் அந்த எழுத்துகளைச் சேர்க்கக் கூடாதென்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. பழைய சரக்கு கைக்கு வந்தால் பின்பக்கச் சர்க்கரை அளவைப் படியுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம்.

கேள்வி: முழங்கால் வலியால் மாரத்தானில் ஓட முடியவில்லை. கட்டணம் திரும்பாது என்கிறார்கள். பிப்பை (சட்டையில் குத்தும் போட்டி எண் அட்டையை) நண்பருக்குக் கொடுத்துவிடலாமா? (சேலம்)

பதில்: நடத்துபவர்கள் வழியாகப் பெயர் மாற்றாமல் கொடுக்கவே கூடாது. நண்பர் 35-வது கி.மீ.யில் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழு பிப்பைப் பார்த்து உங்கள் இரத்த வகையைப் படிக்கும், உங்கள் வீட்டுக்கு போன் செய்யும். நீங்களாக விலகினால் பதிவின்போது ஒப்புக்கொண்ட விதிதான் செல்லும். அவர்களே போட்டியை ரத்து செய்து பணத்தையும் தராவிட்டால், சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. அடுத்த முறை பணம் கட்டும் முன் விதிப் பக்கத்தில் நான்கைத் தேடுங்கள்: பெயர் மாற்றக் கடைசி நாள், அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கும் வசதி, ஹாஃபுக்கு மாறும் வசதி, கட்-ஆஃப் நேரம் (ஓடி முடிக்க வேண்டிய கெடு). முதல் மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால், முன்பதிவுச் சலுகைக்காக ஆறு மாதம் முன்னாலேயே பணம் கட்டாதீர்கள்.