பாட்டி சொல்லும் பழமொழி பேத்திக்குப் புரிய

தம்பி, வெளிநாடு வந்து ஆறு மாதமாகிறது, பாட்டி போனில் பழமொழி சொன்னால் ஏழு வயது மகள் திருதிருவென்று விழிக்கிறாள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள், பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது மட்டும் வேண்டாம். அது பரீட்சைக்கு உதவும், வாய்க்கு வராது.

கருத்து அவளுக்குக் கஷ்டமே இல்லை. குடம், அம்மி, அகப்பை, உரல் எதுவும் அவள் கண்ணில் பட்டதில்லை. அங்கேதான் தடுக்கி நிற்கிறாள். அதனால் சொல்லுக்கு முன்னால் சாமான் கைக்கு வரட்டும்.

"நிறைகுடம் தளும்பாது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியோடு ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒன்றில் விளிம்பு வரை, காற்றே இல்லாமல் தண்ணீர், மற்றதில் பாதி. இரண்டையும் குலுக்கச் சொல்லுங்கள். பாதி பாட்டில் சளசளக்கும். நிறைந்தது கம்மென்று இருக்கும், தண்ணீர் புரள உள்ளே இடமில்லையே. மூடி கட்டாயம். திறந்த டம்ளரில் காட்டினால் நிறைந்ததுதான் முதலில் கொட்டும். பழமொழியே பொய் என்று முடிவு கட்டிவிடுவாள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம். யாராவது அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அலட்டும்போது அந்தப் பாட்டிலை நினைவுபடுத்துங்கள், போதும்.

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பதற்கு, புத்தகம் நிறைத்த அட்டைப்பெட்டி ஒன்று. வழவழப்பான தரையில் வைத்து, ஓரத்தையொட்டி ஒரு டேப் ஒட்டுங்கள். ஒற்றை விரலால் தள்ளினால் அசையாது. உள்ளங்கையால் ஒரே பக்கத்தில் பட் பட்டென்று இருபது தட்டு தட்டினால், தட்டுகிற கணத்தில் விசை கூடுவதால் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். டேப் இல்லாவிட்டால் நகர்ந்ததே தெரியாது. கம்பளத்தில் செய்யாதீர்கள், பெட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

வாரத்துக்கு ஒன்று போதும். பொருத்தமான இடம் பார்த்து மூன்று தடவை முழுசாகச் சொல்லுங்கள். நாலாவது தடவை பாதியில் நிறுத்துங்கள்: "ஆத்துல போட்டாலும்..." மீதியை அவளே முடிப்பாள், "அளந்து போடு" என்று. முதல் பாதியின் 'ஆ' அடுத்த பாதியின் 'அ'வைக் கூட்டிக்கொண்டு வரும். ஐந்தில்-ஐம்பதில், அடி-அம்மி எல்லாம் இந்த மோனைதான். மொழிபெயர்த்துச் சொன்னால் அந்தப் பிடிமானம் போய்விடும். பாட்டி வாயில் எப்படி வருகிறதோ அப்படியே சொல்லுங்கள், எழுத்துத் தமிழாகத் திருத்தவும் வேண்டாம்.

சிலவற்றைத் தயங்காமல் ஒதுக்குங்கள். "அடியாத மாடு படியாது" என்று வீட்டில் சொன்னதை அவள் பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்த்துச் சொன்னால், வீட்டில் அடி விழுகிறதா என்று ஆசிரியர் கவலைப்படுவது நியாயம். பிள்ளைகளை அடிப்பதை 1979இல் சுவீடன் முதலில் சட்டப்படி தடுத்தது. பிறகு பல நாடுகள் தடுத்துவிட்டன. "பெண்புத்தி பின்புத்தி", சாதியையும் உடற்குறையையும் பழிக்கிறவை, இவை பழசு என்பதற்காகவே பிள்ளை வாயில் ஏற வேண்டியதில்லை. "குரைக்கிற நாய் கடிக்காது" சொல்லலாம், ஆனால் அது மனிதரைப் பற்றிய பேச்சு, தெருவில் குரைக்கிற நாய் கடிக்கவும் செய்யும் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வாட்ஸப்பில் 'உண்மைப் பொருள்' என்று வருவதை அப்படியே நம்ப வேண்டாம். "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பதில் குதிரை இல்லை, மணல் மேடான குதிர், "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பதில் பேரை இல்லை, வேரை என்று ஒலியைத் திருப்பிப்போட்டுச் சொல்கிறவை அவை. கேட்க அழகாக இருப்பது மட்டும் சான்றாகாது. பழைய தொகுப்பில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியாரின் 1874 தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேல் உண்டு. ஹெர்மன் ஜென்சன் என்ற இன்னொரு பாதிரியாரின் 1897 தொகுப்பு தலைப்புவாரியாக இருப்பதால் தேட எளிது. இரண்டிலும் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, மகள் வளர்ந்தபின் அவளுக்கும் உதவும். வெண்பாவுக்கொரு பழமொழி வைத்துப் பாடிய பழமொழி நானூறு இப்போதைக்கு வேண்டாம், அந்தத் தமிழ் கடினம்.

இந்த வாரப் பழமொழி எது என்று பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனில் அவர் முன்பாதியைச் சொல்லி நிறுத்தட்டும். நீங்கள் இடையில் எடுத்துக்கொடுக்காமல் இருங்கள்.