சனிக்கிழமை மத்தியானம் வரும் நடுக்கம்

கேள்வி: எனக்கு வயது 63. ஆரையம்பதியில் தனியாக இருக்கிறேன். மகள் கல்முனைப் பக்கம் ஆசிரியை, மருமகன் கட்டாரில். மகள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கொழும்பில் வகுப்புக்குப் போகிறாள். வெள்ளி பின்னேரம் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு இரவு பஸ் ஏறினால் திங்கள் விடியத்தான் வருவாள். மூத்தவனுக்கு 4 வயது, சின்னவளுக்கு 14 மாதம். எனக்குச் சீனி வருத்தமும் பிரசரும் இருக்கின்றன. சீனிக்குக் கிளிக்கிளசைட், மெட்ஃபோர்மின், பிரசருக்கு லொசாட்டன் போடுகிறேன். அந்தத் திங்கட்கிழமைகளில் எழும்பவே முடியாது. முழங்கால் நோ. சின்னவளைத் தூக்கும்போது வலது கைப் பெருவிரல் அடியில் வெட்டுவதுபோல நோகிறது. பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறேன். சில சனிக்கிழமை மத்தியானங்களில் கை நடுங்கி வேர்க்கும், சாப்பிட்டதும் சரியாகிவிடும். கை நோவுக்கு என்ன செய்யலாம் டொக்டர்? இந்த வயதில் பிள்ளை பார்ப்பது பிழையா?

பதில்: அம்மா, கை நோவுக்குப் பிறகு வருகிறேன். போகிறபோக்கில் எழுதிய அந்த நடுக்கமும் வேர்வையும்தான் உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்துகிறது. அது களைப்பு அல்ல. பெரும்பாலும் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்குவதுதான். சாப்பிட்டதும் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருப்பது அதற்குப் பொருந்துகிறது.

நீங்கள் போடும் குளிசைகளில் மெட்ஃபோர்மின் தனியாகச் சீனியை இப்படி இறக்குவது அரிது. கிளிக்கிளசைட் வேறு வகை. அது கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. சனிக்கிழமை காலையில் என்ன நடக்கிறதென்று யோசித்துப் பாருங்கள். விடிய எழும்பிக் குளிசையைப் போட்டுவிடுகிறீர்கள். பிறகு சின்னவளுக்குப் பால், மூத்தவனுக்குப் புட்டு. அவன் பாதியில் எழும்பி ஓட, பின்னால் திரிந்து ஊட்டி முடிக்கும்போது மற்றவளைக் கழுவவேண்டும். உங்களுக்கென்று இருப்பது ஒரு தேத்தண்ணியும் பிள்ளைகள் மிச்சம்வைத்த இரண்டு வாயும். மற்ற நாட்களில் கதிரையில் இருக்கும் உடம்பு அன்றைக்கு நாள் முழுக்க ஓடுகிறது. குளிசை அதே அளவு, சாப்பாடு குறைவு, வேலை இரட்டிப்பு. மத்தியானம் நடுங்காமல் என்ன செய்யும்?

இதில் ஆபத்து உங்களுக்கு மட்டும் என்றால் இவ்வளவு நீட்டமாட்டேன். நீங்கள் மயங்கி விழுந்தால் அந்த வீட்டில் அடுத்த பெரிய ஆள் 4 வயதுப் பையன். மகள் கொழும்பில். அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம், கிணற்றுக் கட்டு பதிவாக இருக்கலாம், சின்னவள் தவழ்ந்து எங்கே போவாள் என்று சொல்லமுடியாது.

ஆகவே பிள்ளைகள் வரும் நாட்களில் சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகுதான் கிளிக்கிளசைட் வாய்க்குப் போகவேண்டும். பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் சாப்பிடுங்கள். எங்கள் ஊர் அம்மம்மாமாருக்கு இதைச் சொன்னால் ஏதோ பாவம் செய்யச் சொன்னதுபோலப் பார்ப்பார்கள். பரவாயில்லை, பாருங்கள், ஆனால் சாப்பிடுங்கள். மத்தியானச் சோறு 12.30 மணி என்றால் 12.30 மணிதான். நேரம் கிடைக்காது என்று தெரிந்தால் பத்து மணிக்கு ஒரு வாழைப்பழமோ, நாலு மேரி பிஸ்கட்டோ சாப்பிடுங்கள்.

நடுக்கம் வந்தால் முதலில் சின்னவளைக் கீழே இறக்கிவிட்டு இருங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சீனி மெதுவாகத்தான் ஏறும். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு முறை. சரிவந்ததும் சோறோ பாணோ ஒழுங்காகச் சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும். மகளிடம் வீட்டிலேயே இரத்தச் சீனி பார்க்கும் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கித் தரச் சொல்லுங்கள். நடுங்கும்போது 70க்குக் (mg/dL) கீழே காட்டினால் சந்தேகமே இல்லை. அந்த அளவைத் திகதி, நேரத்தோடு கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். குறைப்பதா மாற்றுவதா என்று கிளினிக்கில் முடிவெடுப்பார்கள்.

அடுத்தது டைக்ளோபெனாக். அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். பிரசரை ஏற்றும். லொசாட்டன் போடுகிறவருக்கு, அதுவும் சீனி வருத்தம் உள்ளவருக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரகம் பலவீனமானால் சீனி இறங்குவது இன்னும் சுலபம். திங்கட்கிழமை நோவுக்குப் போடும் குளிசை, அடுத்த முறை வரும் நடுக்கத்துக்கு வழி திறக்கிறது. நோ தாங்காவிட்டால் பனடோல் போடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கொப்பியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேலென்றால் கேட்டுச் செய்யுங்கள்.

சரி, கை. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நோ சுரீரென்று வந்தால், பெருவிரலை இழுக்கும் தசைநார்களின் உறை வீங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கு அடிக்கடி வருவது, அம்மம்மாமாருக்கும் வரும். பெருவிரலை விரித்துப் பிள்ளையின் கக்கத்துக்குள் கொடுத்துத் தூக்குவதால் வருகிறது. இனி உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கையைப் பின்பக்கத்துக்குக் கீழேயும் மற்றதை முதுகுக்கும் கொடுத்து, முழங்கையிலிருந்து அள்ளித் தூக்குங்கள். பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டி பாமசியில் கிடைக்கும், மூன்று நாலு வாரம் கட்டுங்கள். குறையாவிட்டால் ஊசி போடுவார்கள். அது ஸ்டீரொய்ட் ஊசி, சில நாட்களுக்குச் சீனியை ஏற்றும். உங்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதை ஊசி போடும் டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முழங்காலுக்குப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாயில் இருந்து எழும்புவதைக் குறையுங்கள், கதிரையில் இருந்து ஊட்டுங்கள். 4 வயதுக்காரனைத் தூக்கவே வேண்டாம், அவன் மடியில் ஏறி இருக்கட்டும். கதிரையில் இருந்தபடி காலை நேராக நீட்டிச் சில விநாடி பிடித்து இறக்குவதை, ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, தினமும் செய்தால் தொடைத்தசை உறுதியாகும். பிள்ளைகள் இல்லாத நாட்களிலும் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். கிளினிக்கில் குளிசைகளைக் காகித உறையில்தான் தருகிறார்கள். 4 வயதுப் பிள்ளைக்கு அதைப் பிரிக்க ஒரு நொடி போதும். கிளிக்கிளசைட் ஒன்றே ஒன்று போதும், சின்னப் பிள்ளைக்குச் சீனி அபாயமாக இறங்க. அதுவும் உடனே அல்ல, சில மணித்தியாலம் கழித்தும் இறங்கலாம். விளையாடிக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறான் என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. தலையணைக்குக் கீழும் சாமித் தட்டிலும் இருக்கும் உறைகளையெல்லாம் வெள்ளி பின்னேரமே ஒரு தகரப் பேணியில் போட்டு அலுமாரிக்குள் பூட்டுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தியெடுக்கவைக்காமல், உறையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைத்திருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நிறைக்கேற்ற அளவில் பனடோல் பாணி மட்டும். எங்கள் பக்கம் மாரி தொடங்கினால் டெங்கும் கூடவே வரும், அந்த நேரத்தில் டைக்ளோபெனாக், புருஃபன் எதுவும் கொடுக்கக்கூடாது.

பிள்ளை பார்ப்பது பிழையா என்று கேட்டீர்கள். பிழை இல்லை. மட்டக்களப்பில் மகளுக்கு வீட்டைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் தாங்கள் இருந்து, பேரப்பிள்ளைகளை வளர்த்துவிட்ட தாய்மார் எத்தனையோ பேர். ஆனால் அங்கே சமைக்க ஒருவர், தூக்க ஒருவர், திட்ட ஒருவர் இருந்தார்கள். நீங்கள் மூன்று இரவு தனியாக நிற்கிறீர்கள். முடியாது என்று மகளிடம் சொல்லத் தேவையில்லை, நடுங்கியதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். அவள் கோபித்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை வரும்போது இரண்டு நாளைக்குக் கறி சமைத்துக் கொண்டுவரட்டும். சனியும் ஞாயிறும் காலையில் சில மணித்தியாலம் வந்து நிற்க அக்கம்பக்கத்தில் ஒரு ஆளைப் பிடிக்கட்டும். பக்கத்து வீட்டில் உங்கள் வருத்தத்தைச் சொல்லிவையுங்கள். மூத்தவனுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்: நீ கூப்பிட்டும் அம்மம்மா பேசாமல் கிடந்தால் வேலிக்கிட்ட போய்ச் சத்தம் போடு. 4 வயதுக்கு இது விளங்கும்.

கிளினிக் திகதி தள்ளியிருக்கிறதென்று காத்திருக்காதீர்கள். அடுத்த தடவை பிள்ளைகள் வருவதற்குள், மூன்று குளிசையின் உறைகளோடும் கொப்பியோடும் போய் இந்த நடுக்கத்தைச் சொல்லுங்கள். வேர்வையோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சு முட்டலோ சேர்ந்து வந்தால், அது சீனியா இதயமா என்று வீட்டில் இருந்து யோசிக்கவேண்டாம். உடனே 1990.