30 நாளில் முதல் பக்கமா? – தேடுபொறி பற்றிய வாசகர் கேள்விகள்

இணையத் தேடலில் முன்னுக்கு வரச் செய்யும் எஸ்.இ.ஓ. வேலையில் எது நேர்வழி, எது குறுக்குவழி என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். பெரும்பாலோர் தேடுவது கூகுளில்தான் என்பதால் அதன் விதிகளை வைத்தே சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் துண்டு, போர்வைக் கடைக்கு இணையதளம் உண்டு. "30 நாளில் முதல் பக்கம், 5,000 பேக்லிங்க், கேரண்டி" என்று ஒரு நிறுவனத்தார் 15,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – கடைக்காரர், ஈரோடு

பதில்: கேரண்டி என்றதுமே பேச்சை முடித்திருக்கலாம். முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்காகச் செய்யும் வேலைக்குப் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. 30 நாளில் தருகிறவர் யாரும் தேடாத ஒரு சொல்லுக்குத் தருவார். "ஈரோடு நீலக்கோடு போட்ட பெரிய போர்வை மொத்த விற்பனை" என்று தேடினால் உங்கள் கடை முதலில் வரத்தான் செய்யும். அப்படித் தேடப் போவது நீங்களும் அவரும் மட்டும்தான்.

பேக்லிங்க் என்றால் பிற தளங்கள் உங்கள் தளத்துக்குக் கொடுக்கும் லிங்க். அந்த 5,000 எங்கிருந்து வரும்? ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு லிங்க் கொடுப்பதை ஓட்டு மாதிரி எண்ணுவதுதான் 1998-ல் கூகுள் தொடங்கிய காலத்திலிருந்தே அதன் அடிப்படை. ஓட்டு என்றால் கள்ள ஓட்டும் இருக்கும். காலாவதியான டொமைன்களை (தள முகவரிகளை) வாங்கி ஒரே ஆள் நடத்தும் போலித் தளங்கள், பின்னூட்டப் பெட்டிகள், எவரோ ஹேக் செய்த பள்ளிக்கூடத் தளத்தின் அடிப்பகுதி, இவைதான் அந்த 5,000. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசைக் கணக்கில் செய்த பெங்குயின் என்ற மாற்றம் இவற்றைக் குறிவைத்தது. 2016 முதல் அது கூகுளின் அடிப்படைக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் இப்படிப்பட்ட லிங்க்கை எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். ஆக, நல்லது நடந்தால் 15,000 ரூபாய் வீண். கெட்டது நடந்தால் உங்கள் தளத்தின் மேல் கூகுள் ஆட்களே எடுக்கும் நேரடி நடவடிக்கை (மேனுவல் ஆக்‌ஷன்).

பெரிய கடைகளும் இதில் சிக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி 2010 பண்டிகைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு என எதைத் தேடினாலும் மேலே நின்றது. சம்பந்தமில்லாத ஏராளமான தளங்களில் லிங்க் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் கை வைத்ததும், 59 தேடல் சொற்களில் சராசரியாக 1.3-வது இடத்தில் இருந்த கடை பத்தே நாளில் 52-வது இடத்துக்கு இறங்கியது. லிங்க் போடச் சொன்னது தாங்கள் இல்லை என்றது நிறுவனம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் விழுந்தது அதன் தளம்தானே, லிங்க் போட்டவரின் தளம் இல்லையே.

எவரிடமாவது வேலை கொடுப்பதானால் முதலில் டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்), சர்ச் கன்சோல் (உங்கள் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் கருவி) மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அவருக்கு சர்ச் கன்சோலில் பயனர் அனுமதி போதும், உரிமையாளர் அனுமதி வேண்டாம். லிங்க் வாங்கித் தருகிறேன் என்றால் எந்தப் பக்கத்தில், என்ன சொல்லில், காசு கொடுத்தா கொடுக்காமலா என்று மாதாமாதம் பட்டியல் கேளுங்கள். "அது தொழில் ரகசியம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். "டொமைன் அத்தாரிட்டி 60 உள்ள தளத்தில் லிங்க்" என்றும் சொல்வார்கள். அந்த எண் மோஸ் என்ற தனியார் நிறுவனம் போடும் மதிப்பெண். கூகுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதே 15,000 ரூபாயில் செய்ய உருப்படியான வேலை இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பக்கம், அதில் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), நீள அகலம், சாயம் போகுமா, குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை, நீங்களே எடுத்த நாலு படம். மொத்தமாக வாங்குகிறவர் போனில் கேட்பதெல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். படங்களைச் சுருக்கி, பக்கத்தின் பெரிய படம் செல்போனில் 2.5 விநாடிக்குள் தெரியும்படி செய்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: சர்ச் கன்சோலில் "இயல்பற்ற லிங்க்குகள்" என்று மேனுவல் ஆக்‌ஷன் வந்திருக்கிறது. பழைய நிறுவனம் செய்த வேலை. புது டொமைனுக்கு மாறிவிடலாமா? – சேலை விற்பனையாளர், காஞ்சிபுரம்

பதில்: மாறினாலும் பழைய டொமைனிலிருந்து புதியதற்கு ரீடைரெக்ட் (வருகிறவரைத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட்டால் வினையும் கூடவே வந்து சேரும். ரீடைரெக்ட் போடாவிட்டால் பழைய வாடிக்கையாளர் போய்விடுவார். இருக்கும் இடத்திலேயே சுத்தம் செய்வது மேல்.

சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் பகுதியில் வெளி லிங்க்குகளின் சமீபத்தியப் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு விரிதாளில் தளவாரியாகப் பிரித்து மூன்று வகையாகக் குறியுங்கள்: தாமாக வந்தவை, காசுக்கு வந்தவை, தெரியாதவை. லிங்க் நிற்கும் சொல்லைப் பார்த்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். தாமாகக் கொடுத்தவர் உங்கள் கடைப் பெயரைப் போட்டிருப்பார். இருநூறு தளங்களில் அச்சு மாறாமல் "குறைந்த விலை பட்டுச் சேலை" என்று நின்றால் அது விலைக்கு வாங்கியது.

காசுக்கு வந்தவற்றை எடுக்கச் சொல்லி அந்தத் தளங்களுக்கு எழுதுங்கள். தேதி, பதில் எல்லாம் விரிதாளிலேயே ஏறட்டும். பழைய நிறுவனத்திடமும் பட்டியல் கேளுங்கள், சிலர் தருவார்கள். பிடிவாதமாக நிற்பவற்றுக்கு மட்டும், இவற்றை எண்ண வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸ்அவோ கோப்பு. அது சாதாரண உரைக் கோப்பு, வரிக்கு ஒரு தளம், முன்னால் டொமைன் என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் ஆங்கிலத்தில் வர வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. சர்ச் கன்சோலில் டொமைன் வகைப் பதிவுக்கு இந்தக் கருவி வேலை செய்யாது, முழு முகவரி வகையில் தனியாகப் பதிய வேண்டும். இரண்டாவது, புதுக் கோப்பு ஏற்றினால் பழையது அழிந்துவிடும், சேராது.

பிறகுதான் மறுபரிசீலனை மனு. என்ன தவறு நடந்தது, யார் செய்தார், எத்தனை லிங்க் எடுத்தாயிற்று, இனி யார் பொறுப்பு என்று நேராக எழுதி விரிதாளின் இணைப்பைக் கொடுங்கள். படிப்பது மனிதர். "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்பது மட்டும் அவரிடம் எடுபடாது. பதில் வரச் சில நாள் முதல் சில வாரம் ஆகும். பதில் வரும் முன் இன்னொரு மனு போடாதீர்கள். பாடல்வரித் தளமான ராப் ஜீனியஸ் 2013 கிறிஸ்துமஸ் அன்று தள்ளப்பட்டு பத்து நாளில் திரும்பிவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். அது ஊரறிந்த தளம். உங்கள் கணக்கில் மாதங்களை வைத்துக்கொள்ளுங்கள். தடை நீங்கினாலும் பழைய இடம் அப்படியே கிடைக்காது, அந்த இடத்தில் உங்களை நிறுத்தியிருந்ததே அந்தப் போலி ஓட்டுகள்தான்.

கேள்வி: சமையல் தளம் நடத்துகிறேன். மக்கள் ஆங்கில எழுத்தில் "வத்தக்குழம்பு" என்று தேடுகிறார்கள். பக்கத்தின் அடியில் வெள்ளை நிறத்தில் இந்தச் சொற்களை எல்லாம் எழுதி வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லையே? – வாசகி, திருநெல்வேலி

பதில்: தொந்தரவு உங்களுக்குத்தான். வாசகருக்கு ஒன்று, தேடுபொறிக்கு ஒன்று காட்டுவது எந்த வடிவில் வந்தாலும் விதிமீறல். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளத்திலேயே தேடுபொறிக்கென்று "பழைய கார்" என்ற சொல்லை அடுக்கிய பக்கங்கள் இருந்தன. அவற்றைத் திறந்த ஆள் உடனே வேறு பக்கத்துக்குத் தள்ளப்படுவார். 2006 பிப்ரவரியில் கூகுள் அந்தத் தளத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்தது. (தட்டினால் விரியும் "மேலும் படிக்க" பகுதி இதில் சேராது. வாசகர் நினைத்தால் பார்க்க முடிகிறதல்லவா?)

மறைக்க என்ன இருக்கிறது? குறிப்பின் முதல் பத்தியிலேயே "வற்றல் குழம்பு, பேச்சு வழக்கில் வத்தக்குழம்பு" என்று எழுதி, பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் ஒரு முறை போடுங்கள். கத்தரிக்காய், கத்திரிக்காய் இரண்டையும் இயல்பாக வரும் இடத்தில் எழுதலாம். ஒரே வரியில் எட்டு எழுத்துக்கூட்டல் அடுக்கினால்தான் அசிங்கம்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கூகுளுக்குப் புரியும். ஆனால் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஒவ்வொரு யூனிகோடு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "கத்தரிக்காய்" என்ற ஒரு சொல்லில் மெய்ப்புள்ளி, துணைக்கால் எல்லாம் சேர்த்து 12 குறிகள், ஆக 108 எழுத்து, நிறைய சதவீதக் குறிகளோடு. பகிர்வதற்கு ஆங்கில எழுத்தில் சின்ன முகவரி வசதி. ஏற்கெனவே தமிழில் இருப்பதை இதற்காக மாற்ற வேண்டாம். மாற்றியே தீருவதானால் பழைய முகவரியிலிருந்து 301 ரீடைரெக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போட்டு ஒரு வருடமாவது எடுக்காமல் வையுங்கள்.

பழைய பாமினி எழுத்துருவில் இட்ட பதிவுகள் இருந்தால் அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. தேடுபொறி படிப்பது அந்தக் குப்பையைத்தான்.

கேள்வி: கூகுள் மேப்பில் எங்கள் பல் மருத்துவமனைக்கு 100 ஐந்து நட்சத்திர ரிவ்யூ வாங்கித் தருகிறார்களாம். எல்லோரும் செய்கிறார்கள். – மேலாளர், மதுரை

பதில்: எல்லோரும் செய்வதால்தான் கண்டுபிடிப்பதும் சுலபம். நூறு பேரும் ஒரே வாரத்தில் வருவார்கள். அவர்களே அதே வாரம் வேறு மாநிலத்து டயர் கடைக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். அகப்பட்டால் ரிவ்யூக்கள் நீக்கப்படும், புதியவை வராதபடி கொஞ்ச காலம் அடைக்கப்படும், "போலி ரிவ்யூ நீக்கப்பட்டது" என்ற எச்சரிக்கையும் உங்கள் பக்கத்தில் தொங்கலாம். பல் பிடுங்க வருகிறவர் அதைப் படித்துவிட்டு உள்ளே வருவாரா? இந்தியத் தர நிர்ணய அமைப்பும் இணைய ரிவ்யூக்களுக்கென்று 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது.

ரிவ்யூ போட்டால் கட்டணத்தில் தள்ளுபடி என்பதும் விதிமீறலே. திருப்தியானவர்களிடம் மட்டும் கேட்டு, முகம் சுளித்தவர்களைத் தனிப் படிவத்துக்கு அனுப்புவதும் அப்படித்தான். பணம் கட்டும் மேசையில் கியூ.ஆர். அட்டை ஒன்றை வைத்து எல்லோரிடமும் கேளுங்கள். குறை சொன்னவருக்கு நோய் விவரம் எதையும் வெளியிடாமல் இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். மேப்பில் பெயரும் வாசல் பலகையில் உள்ளபடியே இருக்கட்டும். "மதுரையின் சிறந்த பல் மருத்துவமனை, வேர் சிகிச்சை" என்று வால் சேர்த்தால் கணக்கே முடக்கப்படலாம்.

கேள்வி: எங்கள் தளத்தைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் ஏதேதோ பொருள் விற்கிறது. தளத்தைத் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கிறதே? – கல்லூரித் தளப் பொறுப்பாளர், கோவை

பதில்: ஹேக் செய்யப்பட்டிருக்கிறீர்கள். முந்தைய கேள்விகளில் சொன்ன கள்ள லிங்க் வியாபாரத்தின் மறுமுனை இதுதான்: யாரோ ஒருவர் விற்கும் லிங்க் உங்கள் வீட்டுச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. உங்களுக்கு நல்ல பக்கம், கூகுளுக்கு வேறு பக்கம் காட்டும்படி செய்திருப்பார்கள். சர்ச் கன்சோலின் முகவரிச் சோதனைக் கருவியில் அந்தப் பக்கத்தைக் கொடுத்தால் கூகுள் பார்ப்பது தெரியும்.

முதல் வேலை சர்ச் கன்சோலில் உரிமையாளர் பட்டியலைப் பார்ப்பது. ஹேக் செய்தவர் தன்னையும் அங்கே சேர்த்திருப்பார். பெயரை நீக்கினால் மட்டும் போதாது, சர்வரில் அவர் வைத்த சரிபார்ப்புக் கோப்பையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வருவார். பிறகு, தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கினால் அதன் மூலக் கோப்புகளைப் புதிதாக இறக்கி மாற்றுங்கள், பயன்படுத்தாத பிளகின்களை (துணை நிரல்களை) அழியுங்கள், இலவசமாகக் கிடைத்த திருட்டு தீம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான் வாசல். கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள், தரவுத்தளத்துடையதையும் சேர்த்து. போலிப் பக்கங்கள் 404 அல்லது 410 (பக்கம் இல்லை) என்று பதில் தர வேண்டும். அவசரத்தில், எந்தப் பக்கத்துக்கு வரக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அவற்றைத் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால், பக்கம் போய்விட்டது என்பதைக் கூகுள் வந்து பார்க்கவே முடியாது, பட்டியலில் அப்படியே கிடக்கும். பாதுகாப்புச் சிக்கல் பகுதியில் எச்சரிக்கை இருந்தால், எல்லாம் முடிந்தபின் மறுஆய்வு கேளுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவால் தினம் 200 கட்டுரை ஏற்றலாமா? – மாணவர், தஞ்சாவூர்

பதில்: கருவி எது என்பதில் கூகுளுக்கு ஆட்சேபம் இல்லை. தரவரிசைக்காகவே சரக்கில்லாத பக்கங்களைக் குவிப்பதைத்தான் 2024 மார்ச்சில் தனி விதி போட்டுத் தடுத்தது. கையால் எழுதிக் குவித்தாலும் அதே விதி. தினம் 200 கட்டுரையை நீங்களே படித்துப் பார்ப்பீர்களா?

கேள்வி: எங்கள் செய்தித் தளத்தில் ஒரு பகுதியை வாடகைக்குக் கேட்கிறார்கள். அவர்களே கடன், சூதாட்டச் செயலி பற்றி எழுதிக்கொள்வார்களாம். – ஆசிரியர், திருச்சி

பதில்: வாடகைக்குப் போவது இடம் இல்லை, உங்கள் பெயர். இதற்கும் 2024-ல் விதி வந்துவிட்டது. தளத்தின் மதிப்பைப் பயன்படுத்தி மேலேறவே வெளியார் எழுத்தை ஏற்றினால், அந்தப் பகுதி தேடலிலிருந்து நீக்கப்படலாம். ஆசிரியர் மேற்பார்வை உண்டு என்ற சமாதானமும் செல்லாது என்று அந்த ஆண்டு நவம்பரில் தெளிவாக்கிவிட்டார்கள். சாதாரண விளம்பரக் கட்டுரை என்றால் போடலாம், விளம்பரம் என்று தலைப்பிலேயே வாசகருக்குச் சொல்லி, லிங்க்கில், இது காசுக்குக் கொடுத்தது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு குறியும் சேர்த்து. அந்தக் குறி 2019-ல் வந்தது. இந்த லிங்க்கை ஓட்டாக எண்ண வேண்டாம் என்று சொல்ல 2005 முதல் இருக்கும் நோஃபாலோ குறியைப் போட்டாலும் சரிதான். குறி போட வேண்டாம், போட்டால் பணம் தரமாட்டோம் என்று விளம்பரதாரர் சொன்னால் அவர் வாங்க வந்தது விளம்பரம் இல்லை.

கேள்வி: போட்டிக் கடைக்காரர் ஆபாசத் தளங்களிலிருந்து என் தளத்துக்கு லிங்க் போடுகிறார். டிஸ்அவோ செய்யவா? – வாசகர், நாமக்கல்

பதில்: மேனுவல் ஆக்‌ஷன் வராத வரை தொடாதீர்கள். அப்படிப்பட்ட லிங்க் எல்லாத் தளத்துக்கும் வரும், கூகுள் எண்ணாமல் கடந்துபோகும். பயத்தில் பட்டியல் போடுகிறவர்கள் நல்ல லிங்க்குகளையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள். அதை அவர் போட்டார் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா?

கேள்வி: மெட்டா கீவேர்டு பகுதியில் எத்தனை சொல் போடலாம்? – வாசகர், காரைக்குடி

பதில்: எத்தனை வேண்டுமானாலும். பக்கத்தின் நிரலுக்குள் தேடுபொறிக்கென்று சொற்களை எழுதும் இடம் அது. 2009-லேயே தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் அறிவித்துவிட்டது. போட்டிக் கடைக்காரர்தான் படித்துவிட்டு உங்கள் சொற்களை எடுத்துக்கொள்வார்.