தமிழில் யோசித்தால் என்ன?

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். பி.எஸ்சி. முடித்துவிட்டு மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்காக வாரத்தில் நான்கு நாள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்ப் படிக்கிறேன். கணக்கிலும் ரீசனிங்கிலும் பயமில்லை. இங்கிலீஷில்தான் மார்க் போகிறது.

போன வாரம் மாதிரித் தேர்வில் ‘ஈச் ஆஃப் த கேண்டிடேட்ஸ் மஸ்ட் பிரிங் தெயர் ஹால் டிக்கெட்’ என்று ஒரு வாக்கியம். பிழை இல்லை என்று குறித்தேன். ‘தெயர்’ தப்பு, ‘ஹிஸ் ஆர் ஹெர்’ என்று வர வேண்டும் என்றார்கள். இங்கிலீஷ் நியூஸ் பேப்பரைத் திறந்தால் ‘தெயர்’ என்றுதான் போடுகிறார்கள். ‘ஐ பிரிஃபர் டீ தேன் காஃபி’ என்பதிலும் தவறவிட்டேன். ஏன் ‘தேன்’ வராது என்று கேட்டதற்கு, “அது இடியம், மனப்பாடம் பண்ணு. தமிழில் யோசிப்பதை முதலில் நிறுத்து” என்று சொல்லி, ஐந்நூறு இடியம் கொண்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்தார் சார். எனக்கு யோசனையே தமிழில்தான் வருகிறது. அதை எப்படி நிறுத்துவது?

செ., கடலூர்

அன்புள்ள செ.,

நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஒரு வரிதான். நாற்பது வருடம் முன்னால் நான் படித்த பள்ளியிலும் இதையேதான் சொன்னார்கள். அதை நம்பி, வாயைத் திறக்கும் முன்பே தமிழைத் துரத்திவிட்டு நின்றேன். அந்த இடத்தில் இங்கிலீஷ் வந்து உட்காரவில்லை. பல வருடம் கழித்து, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆரம்பித்த பிறகுதான் எனக்கே விளங்கியது: தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இந்தத் தேர்வில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. எந்த இடத்தில் தமிழ் கைகொடுக்கும், எந்த இடத்தில் தடுமாற வைக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் ஹால் டிக்கெட்டைப் பார்ப்போம். நீங்கள் ஏன் ‘தெயர்’ சரி என்று நினைத்தீர்கள்? உங்கள் மனதில் ஓடிய வாக்கியம் ‘ஒவ்வொருவரும் தங்கள் ஹால் டிக்கெட்டைக் கொண்டு வர வேண்டும்’ என்பது. அது நல்ல தமிழ். ‘ஒருவர்’ என்ற சொல்லுக்குள் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் அது கேட்பது பன்மை முடிவை. ‘ஒருவர் வந்தான்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஒருவர்’ ஆண், பெண் இருபாலுக்கும் உரிய சொல், அது பன்மையை ஏற்கும் என்று தொல்காப்பியமே பெயரியலில் சொல்லிவிட்டது. ஆளின் பால் தெரியாதபோதும், தெரிவிக்க வேண்டாதபோதும் பன்மைக்குப் போய்விடுவது நமக்கு அவ்வளவு பழைய வழக்கம்.

இங்கிலீஷ்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். ஒற்றை ஆளைக் குறிக்க ‘தே’, ‘தெயர்’ என்று எழுதுவது அங்கே 14ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. ‘யூ’ என்ற சொல்லே ஒரு காலத்தில் பன்மை. ஒருமைக்கு ‘தௌ’ என்று தனியாக ஒன்று இருந்தது. நம் ‘நீங்கள்’ ஒற்றை ஆளுக்கு மரியாதையாக வந்து உட்கார்ந்த மாதிரிதான் ‘யூ’வும் உட்கார்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் இலக்கணம் எழுத வந்தவர்கள்தான், பால் தெரியாத ஒருவருக்கு ‘ஹி’ போதும், அது பெண்ணையும் அடக்கும் என்று விதி வகுத்தார்கள். அந்த விதி சட்டத்துக்குள்ளும் போயிற்று. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் செய்தது. நம் நாட்டில் 1897ஆம் வருடத்துப் பொது வாசகச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறது: ஆண்பாற் சொல் பெண்பாலையும் உள்ளடக்கும். தேர்வு எழுதும் அறை முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தாலும் வினாத்தாளில் ‘ஹிஸ்’ என்று வருவது இந்த வழியாகத்தான். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இப்போது காற்று திரும்பியிருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் 2019இல் வெளியிட்ட நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பு, ஒற்றை ஆளுக்குத் ‘தே’ போடுவதை ஏற்றுக்கொண்டது. நீங்கள் பேப்பரில் பார்ப்பது தப்பான இங்கிலீஷ் இல்லை.

ஆனால் தேர்வுத்தாள் பேப்பர் இல்லை. நீங்கள் எழுதும் தேர்வுகளில் பிழை காணும் கேள்விகள் பெரும்பாலும் ‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்ற பழைய இலக்கணப் புத்தகத்தின் காலத்து விதியில்தான் இன்னும் நிற்கின்றன. ‘ஈச்’, ‘எவ்ரி’, ‘ஐதர்’, ‘நைதர்’, ‘எவ்ரிபடி’ எல்லாம் அங்கே ஒருமை. விடைகளில் ‘ஹிஸ்’ அல்லது ‘ஹிஸ் ஆர் ஹெர்’ இருந்தால் அதைக் குறியுங்கள். அப்படிக் குறிப்பதால் உங்கள் கருத்தை விற்றதாக ஆகாது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல், இலக்கண முறைப்படி வந்தது அல்ல என்று அதே தொல்காப்பியம் இன்னோர் இடத்தில் பிரித்துச் சொல்கிறது. வழக்கு ஒன்று, இலக்கணம் ஒன்று என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

தேர்வு அறையில் ஒரு நொடியில் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன், என் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது. வாக்கியத்திலிருந்து ஆளை இறக்கிவிட்டுப் படகை ஏற்றுங்கள். உங்கள் ஊர்த் துறைமுகத்தில் நிற்கிற படகுதான். ‘படகுகளில் ஒவ்வொன்றும் தன் நங்கூரத்தை இழந்தது’. இதில் ‘தங்கள்’ என்று உங்கள் வாயே சொல்லாது. அஃறிணையில் மரியாதைப் பன்மை குறுக்கே வராததால் தமிழ் ஒருமையில் நிற்கிறது, இங்கிலீஷின் ‘இட்ஸ்’ அதோடு பொருந்தி நிற்கிறது. படகுக்கு ‘இட்ஸ்’ வருகிற இடத்தில் ஆளுக்கு ‘ஹிஸ் ஆர் ஹெர்’. ‘நைதர் ஆஃப் த டூ’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்துக்கும் இதே படகு ஓடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ என்று போஸ்டரில் எழுதுகிறார்களே, அந்தப் பிழை உங்கள் தமிழில் இருந்தால் இந்த வழி பயன்படாது. ‘ஒவ்வொரு வீட்டிலும்’ என்பதே சரி.

நீங்கள் படிக்க வருகிற புதுச்சேரியில், ‘சொல்தா’ குடும்பத்து, அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பிரெஞ்சு பேசக் கேட்டிருக்கலாம். அந்த மொழியில் இந்தச் சிக்கலே கிடையாது. ‘ஸோன் லீவ்ர்’ என்றால் அவனுடைய புத்தகம், அவளுடைய புத்தகம் இரண்டும்தான். உடைமைச் சொல் பொருளின் பாலைப் பார்க்கும், உடையவரின் பாலைப் பார்க்காது. பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகள் இங்கிலீஷுக்கு வந்தால் ‘ஹிஸ்’, ‘ஹெர்’ இரண்டையும் மாற்றிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அவரவர் மொழி எங்கோ ஓரிடத்தில் இடறத்தான் செய்கிறது.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும், அதில் தமிழ் உங்களை நேராக விடைக்கே கொண்டுபோய் விடும். ‘ஷி ஈஸ் ஒன் ஆஃப் தோஸ் நர்ஸஸ் ஹூ லவ்ஸ் ஹெர் ஒர்க்’. படிக்கும்போது சரி மாதிரி இருக்கும். தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘தங்கள் வேலையை நேசிக்கும் நர்சுகளில் அவர் ஒருவர்’. நேசிப்பது யார்? நர்சுகள். பெயரெச்சம் ‘நர்சுகளில்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பதால் தமிழில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆகவே ‘ஹூ லவ் தெயர் ஒர்க்’. இங்கிலீஷிலேயே யோசிப்பவர்கள்தான் ‘ஒன்’ என்பதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ‘யூ அண்ட் ஹி’ வந்தால் ‘யுவர்’, ‘யூ அண்ட் ஐ’ வந்தால் ‘அவர்’ (நம்முடைய) என்கிற விதியும் அப்படித்தான். நீயும் அவனும் வந்தீர்கள், நீயும் நானும் வந்தோம். தனியாகப் படிக்க அதில் ஒன்றுமில்லை. ‘நைதர்... நார்’ மட்டும் நம் பக்கம் இல்லாத விதி, பக்கத்தில் நிற்கிற பெயரைப் பார்த்துப் போட வேண்டும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, டீக்கும் காப்பிக்கும் வருவோம். இங்கே தமிழ் உங்களைத் தடுமாற வைத்தது உண்மை. ‘காப்பியைவிட டீ பிடிக்கும்’ என்பதில் உள்ள ‘விட’தான் ‘தேன்’ ஆகிவிட்டது. ஆனால் அதற்கு மருந்து தமிழை நிறுத்துவது இல்லை, வேறு தமிழைத் தேடுவது. ‘பிரிஃபர்’ லத்தீனிலிருந்து வந்த சொல், அடிப்படைப் பொருள் முன்னால் கொண்டு வைப்பது. டீயைக் காப்பிக்கு முன்னால் வைக்கிறேன். ‘காப்பிக்கு’, அந்தக் ‘கு’தான் ‘டு’. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ எல்லாம் அதே லத்தீன் வழி, எல்லாம் ‘டு’. அவர் எனக்கு மூத்தவர். ‘எனக்கு’ என்பதில் இருக்கிறது விடை.

‘மேரீட் வித்’ என்று எழுதி மார்க்கை விடுகிறவர்கள் நிறைய. ‘அவரோடு கல்யாணம் ஆயிற்று’ என்ற நினைப்பு. நம் பாட்டிமார் ‘அவருக்கு வாழ்க்கைப்பட்டாள்’ என்பார்கள், அதை நினைத்தால் ‘மேரீட் டு’ வந்துவிடும். ‘டிஸ்கஸ் அபௌட்’ தப்பு என்று எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள், மறுபடியும் எழுதுகிறார்கள். ‘டிஸ்கஸ்’ என்பதன் லத்தீன் வேர் உதறிப் பிரிப்பது. நம்மிடம் ‘அலசுவது’ இருக்கிறது. பிரச்சினையை அலசினோம் என்கிறோம், ‘பிரச்சினையைப் பற்றி அலசினோம்’ என்பது ஒட்டாது. ‘டிஸ்கஸ்’ வரும்போதெல்லாம் ‘அலசு’ என்று சொல்லிக்கொண்டால் ‘அபௌட்’ தானாக உதிரும். ‘கம்ப்ரைஸ்’ என்பது அடக்கியிருப்பது: புதுச்சேரி யூனியன் பிரதேசம் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் நான்கையும் அடக்கியிருக்கிறது. ‘நான்கையும்’ என்று ‘ஐ’ வந்தால் நடுவில் ‘ஆஃப்’ வராது. ‘கன்சிஸ்ட்’ வேறு சொல், அதற்கு ‘ஆஃப்’ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இப்படி வழி கிடைக்காது. ‘குட் அட்’ ஏன் ‘குட் இன்’ ஆகவில்லை, ‘ஹேல் அண்ட் ஹார்ட்டி’யில் ‘ஹெல்தி’ ஏன் வரக்கூடாது என்று கேட்டால், அது மரபு என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஆனால் மரபு என்றால் என்ன என்று பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும். சோறு உண்கிறோம், பால் பருகுகிறோம், முறுக்குத் தின்கிறோம். ‘மூட்டை முடிச்சு’ என்றால் காதுக்கு இசைகிறது, ‘முடிச்சு மூட்டை’ என்று யாராவது சொன்னால் அவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடுகிறது. ‘கம்பி நீட்டினான்’ என்பதில் கம்பியை எடுத்துவிட்டுத் தடியை வைத்தால் பொருளே போய்விடும். இவற்றில் எதையும் நீங்கள் ஜெராக்ஸ் கட்டிலிருந்து படிக்கவில்லை. முதுநகர்த் தெருவில் காதால் வாங்கியது. இங்கிலீஷ் மரபும் காது வழியாகத்தான் வர வேண்டும். அதனால்தான் அந்த ஐந்நூறு பட்டியல்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டியலில் ஒவ்வொரு தொடரும் தனியாக நிற்கிறது, முன்னும் பின்னும் பேச்சு இல்லை. மூன்றாம் பக்கம் போவதற்குள் முதல் பக்கம் போய்விடும்.

காலையில் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருப்பீர்கள். பேப்பரின் தலையங்கத்தில் ஒரே ஒரு பத்தியை உதடு அசையப் படியுங்கள், திரும்பி வரும்போது அதே பத்தியை மறுபடியும். புதுப் பத்தி நாளைக்கு. அப்புறம், ஒரு சின்ன நோட்டு போடுங்கள். நீங்கள் தவறவிட்ட தொடர்கள் மட்டும் அதில் ஏறட்டும், வேறு யாருடைய பட்டியலும் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ‘கு’ என்று தலைப்பு வைத்து ‘பிரிஃபர்’, ‘சீனியர்’, ‘மேரீட்’ எழுதுங்கள். ‘ஐ’ என்று இன்னொரு பக்கம், அதில் ‘டிஸ்கஸ்’, ‘கம்ப்ரைஸ்’. தமிழ் வேற்றுமையோடு எதுவும் ஒட்டாதவை கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும், அவற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். அந்தக் கடைசிப் பக்கம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நீளாது.

தப்பான விடைக்கு மார்க் பிடிக்கிற தேர்வு உங்களுடையது. ‘ஹிஸ்’, ‘தெயர்’ மாதிரிச் சொல் ஒருமையா பன்மையா என்று படகை வைத்துப் பார்க்க முடிகிற கேள்வியைத் துணிந்து எழுதுங்கள். இடியம் கேள்வியில் இரண்டு விடைகளுக்கு நடுவே காது எதுவும் சொல்லவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து அந்த நோட்டின் ‘கு’ பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். நான் கேள்விப்படாதது ஒன்றாவது அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்