மும்முனை இணைப்பு எடுத்தால் மீட்டர் மூன்று மடங்கு ஓடுமா?

கேள்வி: இரண்டு ஏசி வாங்கியதால் வீட்டு மின் இணைப்பை ஒருமுனையிலிருந்து மும்முனைக்கு (த்ரீ ஃபேஸ்) மாற்றினோம். முன்பு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வரும். இந்தக் கோடையில் 1,100 வந்துவிட்டது. மூன்று ஃபேசுக்கும் மீட்டர் தனித்தனியாக ஓடுவதால் மூன்று மடங்கு காட்டும், எல்லாவற்றையும் ஒரே ஃபேசில் போட்டுத் தருகிறேன், 3,500 ரூபாய் கொடுங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன். மேல் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனி மீட்டர் உண்டு. அவர் சொல்வதுபோல் செய்யலாமா? (மதுரை வாசகி)

பதில்: செய்யாதீர்கள். பணம் போவது மட்டுமல்ல, வீட்டு வயரிங்கும் கெட்டுப்போகும்.

மூன்று குழாயில் பிடித்தாலும் தொட்டியில் சேர்வது மொத்தத் தண்ணீர்தானே? மீட்டரும் அப்படித்தான். மூன்று ஃபேசிலும் போகும் மின்சாரத்தைக் கூட்டி ஒரே கணக்காகக் காட்டுகிறது. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அது சிவப்பு ஃபேசில் ஓடினாலும் நீலத்தில் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான்.

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே சோதிக்கலாம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் சேர்த்து. 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை ஒரு பெரிய பிளாஸ்டிக் பக்கெட் நிறையத் தண்ணீரில் வைத்து 40 நிமிடம் ஓடவிடுங்கள். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கும்வரை தண்ணீரில் யாரும் கை வைக்கக் கூடாது. மீட்டரில் கேடபிள்யூஎச் (யூனிட்டைத்தான் அப்படிக் குறிப்பார்கள்) என்று வரும் எண்ணை, புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்து, முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு யூனிட் ஏறியிருக்கும். சமையலறை பிளக்கில் ஒருமுறை, வேறு ஃபேசில் இருக்கும் அறையில் ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் ஒரே கணக்குதான் வரும்.

அப்படியானால் 1,100 எப்படி வந்தது? 1.5 டன் ஏசி மணிக்குத் தோராயமாக ஒரு யூனிட் இழுக்கும். இரண்டு ஏசி, இரவில் ஆறு மணி நேரம், 60 நாள் என்றால் 720 யூனிட். பழைய 380-ஐக் கூட்டினால் 1,100. பழைய கணக்கின் மூன்று மடங்குக்கு இது அருகில் வந்துவிட்டதால்தான் அவர் பேச்சு நம்பும்படி இருக்கிறது. யூனிட்டைவிடத் தொகை இன்னும் வேகமாக ஏறியிருக்கும். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த மலிவு விலை போய்விடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் விலை கூடுகிறது. 1,000-க்கு மேல் இருப்பது உச்ச விலை. மும்முனைக்கு மாறியதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் பில்லில் இல்லை. வீடுகளுக்கு இருந்த நிலைக்கட்டணத்தையே 2022-ல் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் மேலே வாடகைக் குடும்பம் இருப்பதால், ஒன்றை மட்டும் பார்த்தே ஆக வேண்டும். போர்ஷன் பிரித்த வீடுகளில் மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார், சில சமயம் மேல்வீட்டின் ஒரு அறையே கூட, கீழ்வீட்டின் ஒரு ஃபேசில் மாட்டியிருக்கும். வேண்டுமென்று செய்வது குறைவு. மும்முனை வயரிங் செய்யும்போது கைக்கு அகப்பட்ட வயரை அகப்பட்ட இடத்தில் முறுக்கிவிட்டுப் போவார்கள். முதலில் மீட்டருக்கு அடுத்துள்ள மெயின் சுவிட்சை அணையுங்கள். மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் மெயினுக்கு முன்பே எங்கோ ஒரு வயர் பிரிந்து போகிறது. தொடாமல் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். நின்றுவிட்டால், உங்கள் வீட்டுக் கருவிகளின் பிளக்கையெல்லாம் பிடுங்கி, விளக்கு, ஃபேன் சுவிட்சுகளையும் அணைத்துவிடுங்கள். எம்சிபிக்களை (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்சுகள்) எல்லாம் இறக்கி மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் விளக்கு மினுக்குகிறதோ, அதில் வேறு யாருடைய சுமையோ இருக்கிறது. அதை இறக்கும்போது மேலே எந்த விளக்கு, எந்த ஃபேன் நிற்கிறது என்று ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகைக்காரரோடு சண்டை வேண்டாம், அவருக்குத் தெரிந்திருக்காது.

சரி, ஒரே ஃபேசில் போட்டால் என்ன ஆகும்? இரண்டு ஏசி, கீசர், மோட்டார் எல்லாம் சேர்ந்தால் 30 ஆம்பியர் வரும். இன்று அது மூன்று வயரில் பத்துப் பத்தாகப் பிரிகிறது. சுமை சமமாகப் பிரிந்தால் நியூட்ரலில், அதாவது கரன்ட் திரும்பிப் போகும் பொது வயரில், போகும் கரன்ட் மிகக் குறைவு. ஒரே ஃபேசில் அடைத்தால் முழு 30 ஆம்பியரும் ஒரு வயரில் போய் நியூட்ரல் வழியே திரும்ப வேண்டும். வயர் மாட்டிய இடங்கள் சூடாகும், முறுக்கு தளரும். மும்முனை வீட்டில் நியூட்ரல் விட்டுப்போவதைப் போல ஆபத்து வேறு இல்லை. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒரு ஃபேசில் வோல்டேஜ் படுத்துவிடும். இன்னொன்றில் 300, 350 என்று ஏறி டிவியும் ஃபிரிட்ஜும் கருகும். ஒரு அறையில் விளக்கு மங்கி, இன்னொன்றில் கண் கூசும்படி எரிந்தால் அந்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987-ல் சொல்லுங்கள். நியூட்ரலில் ஃபியூஸ் போடும் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள், அந்த ஃபியூஸ் போனாலும் இதே கதைதான்.

ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றும் ரோட்டரி சுவிட்சும் விளக்கு, ஃபேனுக்கு மட்டும்தான். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திருப்பாதீர்கள்.

பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் டப்பாவையும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டர். வீட்டு பில் கணக்கிடப்படும் கேடபிள்யூஎச்சை அது குறைக்காது. நியூட்ரலுக்குப் பதில் எர்த்தைக் கொடுத்து மீட்டரை மெதுவாக்குகிறேன் என்று வருபவர்களும், ஆபீசில் ஆள் இருக்கிறது என்பவர்களும் இன்னும் மோசம். எர்த் வயரில் கரன்ட் வந்தால் குளியலறைக் குழாயைத் தொட்டவர் உயிர் போகும். அது 2003 மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி திருட்டும்கூட. வழக்கு உங்கள் பெயரில் வரும், அவர் பெயரில் வராது.

இந்த ஆட்களுக்கெல்லாம் பிழைப்பு கிடைப்பது, மும்முனை மீட்டரைச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு வார்த்தை விளக்காமல் போகும் வழக்கத்தால்தான். திரையில் மாறி மாறி வரும் எண்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதைக்கூடச் செய்வதில்லை.

ராடு சோதனையில் ஒரு யூனிட்டுக்குப் பதில் இரண்டு, மூன்று ஏறினால் மீட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் வேண்டாம். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன புகாருக்கு அங்கே பதிவே இருக்காது. பதில் வராமல் இழுத்தடித்தால் அந்த நகலோடு மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம்.