பக்கத்து வீட்டுப் பெரியவரின் நினைவுகள், ஊர் மேனரின் வரலாறு: எதை முதலில் பிடிப்பது?

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக் கவுண்டியில் ஒரு சின்ன கிராமத்துக்குக் குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 87 வயது. அவருடைய அப்பா இந்த ஊர் ஹாலில், அதாவது ஊரின் பெரிய மாளிகையில், தோட்டக்காரராக இருந்தவர். ஹால் இப்போது இல்லை, போருக்குப் பிறகு இடித்துவிட்டார்கள். ஹாலிலிருந்து சர்ச்சுக்குச் சுரங்கப்பாதை இருந்தது, 17-ம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின் தளபதி குரோம்வெல்லின் ஆட்கள் சர்ச் ஜன்னல்களை உடைத்தார்கள், போர்க்கைதிகள் எங்கள் வயலில் வேலை செய்தார்கள் என்று நிறையச் சொல்கிறார். ஊர்ச் செய்திமடலுக்கு இதையெல்லாம் எழுதித் தரும்படி கேட்கிறார்கள். எது உண்மை என்று எப்படிப் பார்ப்பது? பழைய பிரபுக்களின் நிலப் பண்ணையமான மேனரின் வரலாற்றை எங்கே தேடுவது? பழைய ஆவணங்கள் லத்தீனில் இருக்குமாமே, எனக்கு லத்தீன் தெரியாது.

பதில்: முதலில் பெரியவர், அப்புறம்தான் காப்பகம். காப்பகத்தில் இருக்கும் தோல்சுருள் இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். 87 வயதுக்காரரை அப்படிக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

இந்த வேலையில் இறங்கும் பலர் 1086-ல் மன்னர் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவில் தொடங்கி முன்னோக்கி வருகிறார்கள். பிரபுக்களின் வம்சாவளியைத் தாண்டுவதற்குள் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். லத்தீன் தெரியாத கவலையும் அதனாலேயே பாதி தீர்ந்துவிடும்.

பெரியவரிடம் கேள்விப் பட்டியலை நீட்டாதீர்கள். ஒரு வரைபடத்தை மேசையில் விரியுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மைலுக்கு 25 அங்குல அளவில் உள்ளதைத் தேடுங்கள். கிணறும் பம்பும்கூட அதில் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் ஊர்ப் பகுதியைப் பெரிதாக அச்செடுத்து, “வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போவீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். விரல் வரைபடத்தில் நகர நகர எந்த வீட்டு நாய் துரத்தியது, எந்த வேலியில் ஓட்டை இருந்தது என்று ஒவ்வொன்றாக வரும். ஹாலைப் பற்றிக் கேட்கும்போது அப்பா எந்தக் கதவு வழியாக உள்ளே போவார், அவருடைய பிள்ளை எதுவரை போகலாம், கிறிஸ்துமஸுக்கு என்ன தருவார்கள், வீட்டுக்கு வாடகை கொடுத்தார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். எஸ்டேட் வேலையோடு வந்த வீடு என்றால், அப்பாவின் வேலை போனால் வீடும் போயிருக்கும். அந்தப் பயம் அந்தக் குடும்பத்தில் எப்படி இருந்தது என்று எந்த ஆவணமும் சொல்லாது.

ஒலிப்பதிவுக்குக் கைபேசி போதும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, டிக் டிக் என்று அடிக்கும் கடிகாரத்தை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். ஒரு உட்காரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

“எந்த வருடம்?” என்று கேட்டால் பெரும்பாலும் தவறான விடைதான் வரும். பதிலாக, ஊரே நினைவில் வைத்திருக்கும் நிகழ்ச்சிகளுக்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள். ஐரோப்பாவில் போர் முடிந்த 1945 மே 8, ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் வரை பனி கொட்டிய 1947 குளிர்காலம், மிட்டாய்க்கு ரேஷன் நீங்கிய 1953 பிப்ரவரி 5, ராணியின் முடிசூட்டு விழா நடந்த அதே வருடம் ஜூன் 2. சஃபோக் கடற்கரைக்காரர்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு: 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி வந்த வெள்ளம். ஃபீலிக்ஸ்டோவில் மட்டும் 41 பேர் இறந்தார்கள். கடலிலிருந்து தள்ளியிருந்த ஊர்களிலும் அந்த இரவை யாரும் மறக்கவில்லை.

போர்க்கைதிகள் கதையை இதே முறையில் சரிபார்க்கலாம். இத்தாலியக் கைதிகள் 1941 முதல் இங்கிலாந்துப் பண்ணைகளில் வேலை செய்தார்கள். ஜெர்மானியர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தது 1944-க்குப் பிறகு. 1948 வரையிலும் பலர் இருந்தார்கள். பெரியவர் 1938 வாக்கில் பிறந்தவர் என்பதால், கைதிகளோடு பேசிய நினைவு தெளிவாக இருந்தால் அவர்கள் ஜெர்மானியர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். இத்தாலியர் என்று அவர் சொன்னால் அடித்துத் திருத்தாதீர்கள். என்ன பாட்டுப் பாடினார்கள், என்ன பொம்மை செய்து கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விடை அதில் கிடைக்கலாம். அமெரிக்க விமானப்படை 1942 முதல் சஃபோக்கில் ஊருக்கு ஊர் தளம் போட்டிருந்ததால் அமெரிக்கர் பற்றிய நினைவு நிச்சயம் இருக்கும்.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் சங்கடம் குறையும். அன்றாடம் நடந்ததைச் சொல்வதில் குழந்தை நல்ல சாட்சி. சொத்து யாருடையது, எப்போது கைமாறியது என்பதில் மோசமான சாட்சி. ஆவணங்கள் இதற்கு நேர் எதிர். ஹால் எப்போது விற்கப்பட்டது என்பதை ஆவணத்திடம் கேளுங்கள். விற்ற அன்று அடுக்களையில் யார் அழுதார்கள் என்பதைப் பெரியவரிடம் கேளுங்கள். இதை விட்டு அதை, அதை விட்டு இதை என்று போனால் கட்டுரை சப்பென்று ஆகிவிடும்.

சரி, அவர் காலத்து ஆவணங்கள். முதலில் 1941-க்கும் 1943-க்கும் இடையே எடுத்த தேசியப் பண்ணைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட ஒவ்வொரு பண்ணைக்கும் தாள்கள் உண்டு. லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘எம்ஏஎஃப் 32’ என்ற வரிசையில் இருக்கின்றன, வரைபடங்கள் ‘எம்ஏஎஃப் 73’-ல். எத்தனை குதிரை, எத்தனை டிராக்டர், மின்சாரம் உண்டா, தண்ணீர் கிணற்றிலிருந்தா குழாயிலிருந்தா, முயல் தொல்லை எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். “எங்கள் பக்கம் அப்போது டிராக்டரே கிடையாது” என்று பெரியவர் சொன்னால் அரை நாளில் சரிபார்த்துவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. விவசாயியின் நிர்வாகத்துக்கு ஏ, பி, சி என்று தரமும் போட்டிருக்கிறார்கள். தரம் குறைந்தால் காரணம் முதுமையா, கைமுதல் இல்லாமையா, ஆளின் சொந்தக் குறைபாடா என்றும் எழுதியிருப்பார்கள். அந்த விவசாயியின் பேரன் இன்றும் உங்கள் ஊரில் இருக்கலாம். படித்ததையெல்லாம் செய்திமடலில் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பிப் போகாதீர்கள். 1931-ம் ஆண்டின் தாள்கள் 1942-ல் தீயில் அழிந்தன, 1941-ல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 1951-ன் தாள்கள் நூறு வருட விதிப்படி 2052-ல்தான் வெளிவரும். அந்த இடைவெளியை நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு. வீடு வீடாகப் பெயர், பிறந்த தேதி, தொழில் இருக்கும். ஹாலில் யார் யார் வேலைக்காரர்கள் என்று அந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும். பெரியவரின் பெற்றோரைக் காணலாம். அவருடைய வரி மட்டும் மறைத்திருக்கும், ஏனென்றால் அவர் உயிரோடு இருக்கிறார். அவரிடம் காட்டினால் சிரிப்பார்.

பள்ளித் தலைமையாசிரியரின் லாக் புத்தகம், அதாவது பள்ளிக் குறிப்பேடு, இன்னொன்று. 1860களிலிருந்து இதை எழுதுவது கட்டாயமாக இருந்தது. அறுவடைக்குப் பிள்ளைகள் போய்விட்டதால் வகுப்பு காலி, அம்மை பரவியதால் பள்ளி மூடல், போர்க்காலத்தில் சிரப் காய்ச்சக் காட்டு ரோஜாக் காய் பறித்தது, லண்டன் குழந்தைகள் வந்து சேர்ந்தது எல்லாம் வரும். 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து, லண்டன் ஓரத்து டேகன்ஹாமிலிருந்து குழந்தைகளைக் கப்பலில் ஏற்றி ஃபீலிக்ஸ்டோ, லோஸ்டாஃப்ட் துறைமுகங்களில் இறக்கினார்கள். அடுத்த ஆண்டே படையெடுப்புப் பயம் வந்து, கடற்கரையோரப் பிள்ளைகளை அங்கிருந்தும் கிளப்பினார்கள். பெரியவரின் வகுப்பில் லண்டன் பேச்சுக் கேட்டதா என்று கேளுங்கள்.

ஹாலின் கடைசிக் காலத்துக்கு விற்பனைப் பட்டியல்தான் பொக்கிஷம். முதல் உலகப் போர் முடிந்த கையோடும், சொத்துக்காரர் இறந்தால் கட்ட வேண்டிய மரண வரியின் பாரத்தால் இரண்டாம் போருக்குப் பிறகும் நிறைய எஸ்டேட்டுகள் துண்டு துண்டாக ஏலத்துக்கு வந்தன. ஏலக் கம்பெனி அச்சிட்ட புத்தகத்தில் ஒவ்வொரு குடிசைக்கும் குடியிருப்பவர் பெயர், வாடகை, வரைபடம் இருக்கும். வீட்டை இடிக்கும் முன் படிக்கட்டையும் கணப்பையும் கூரை ஈயத்தையும் தனித்தனியாக விற்ற ஏலமும் உண்டு. இதோடு இன்னொன்றையும் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். 1965-ல் வுமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பெண்கள் சங்கம் தன் பொன்விழாவை ஒட்டி ஊர்தோறும் பெண்களை ஊரைப் பற்றிய ஸ்கிராப்புக் (ஒட்டுப் புத்தகம்) தயாரிக்கச் சொன்னது. உங்கள் ஊர்ப் பெண்கள் செய்திருந்தால், பாதி வேலையை அவர்களே முடித்து வைத்திருக்கிறார்கள்.

இனி மேனர். மேனர் என்பது வீடு அல்ல. நிலமும் அதன் மேல் ஒரு பிரபுவுக்கு இருந்த உரிமைகளும், குடியானவர்களை விசாரிக்கும் ஒரு நீதிமன்றமும் சேர்ந்த ஏற்பாடு. ஒரே கிராமத்தில் மூன்று நான்கு மேனர்கள் இருக்கலாம், சஃபோக் அடங்கிய கிழக்கு ஆங்கிலியாவில் அது சர்வ சாதாரணம். ஒரு மேனர் பல ஊர்களில் பரவியும் இருக்கலாம். அதனால் உங்கள் ஊர் ஹால்தான் மேனரின் தலைமை வீடு என்று எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்காதீர்கள். வாசலில் ‘மேனர்’ என்று பலகை தொங்கும் வீடுகளில் பல, விக்டோரியா காலத்திலோ அதற்குப் பிறகோ யாரோ ஆசையாக வைத்த பெயர்.

எத்தனை மேனர் என்பதை அறிய, தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் மேனர் ஆவணப் பதிவேடு இருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டால் மேனர்களின் பெயரும், அவற்றின் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் வரும். கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றே உங்கள் ஊருக்குப் பிரபுவாக இருந்திருந்தால் ஆவணம் சஃபோக்கில் இருக்காது, கல்லூரியில் இருக்கும். கிராம வாரியான வரலாற்றுக்குப் பலரும் விக்டோரியா கவுண்டி வரலாற்று வரிசையைப் பரிந்துரைப்பார்கள். சஃபோக்குக்கு அதில் பொதுவான இரண்டு தொகுதிகள்தான் வந்தன, கிராமங்கள் வரவே இல்லை. உங்களுக்கு வால்டர் காப்பிங்கர் 1905 முதல் 1911 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சஃபோக் மேனர்களின் வரலாறுதான் கைகொடுக்கும். மேனர் எந்தக் குடும்பத்திடமிருந்து எந்தக் குடும்பத்துக்குப் போனது என்பதற்கு அது போதும். குடியானவர்களைப் பற்றி அதில் எதிர்பார்க்காதீர்கள்.

குடியானவர்கள் இருப்பது நீதிமன்றச் சுருள்களில். காப்பிஹோல்ட் முறையில் நிலம் வைத்திருந்தவர் இறந்தால், வாரிசு மேனர் நீதிமன்றத்துக்கு வந்து பணம் கட்டிப் பெயர் மாற்ற வேண்டும். அந்தப் பதிவின் நகல்தான் அவருக்குப் பத்திரம். இந்த முறை 1926 ஜனவரி 1 அன்றுதான் ஒழிந்தது. ஆகவே பெரியவரின் தாத்தா காலம்வரை பதிவுகள் இருக்கலாம். 1733-க்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம். அதுவரைக்கும் போனாலே உங்களுக்கு ஏராளமாகக் கிடைக்கும். அதற்கு முந்தைய சுருள்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையானால், வால்ஷம்-லெ-வில்லோஸ் ஊரின் 14-ம் நூற்றாண்டுச் சுருள்களை சஃபோக் ரெக்கார்ட்ஸ் சொசைட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கிறது. 1349 ஜூனில் கூடிய ஒரே அமர்வில், கொள்ளைநோயில் இறந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நிலம் கைமாறியது அதில் பதிவாகியிருக்கிறது. இறந்தவர் சார்பில் பிரபுவுக்கு யார் எத்தனை மாடு கொடுத்தார்கள் என்று எழுத்தர் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார், வேறு ஒரு வார்த்தை இல்லை.

டூம்ஸ்டேயைக் கடைசியில் பாருங்கள். சஃபோக், நார்ஃபோக், எசெக்ஸ் மூன்றும் ‘லிட்டில் டூம்ஸ்டே’ என்ற தனிப் புத்தகத்தில் இருக்கின்றன. மற்ற பெரும்பாலான கவுண்டிகளுக்கு இல்லாத ஆடு, பன்றி, தேன்கூட்டுக் கணக்கெல்லாம் அதில் உண்டு. ‘லார்ட் ஆஃப் தி மேனர்’ பட்டத்தை விற்கும் விளம்பரங்கள் இந்தத் தேடலில் கண்ணில் படும். அந்தப் பட்டத்தோடு நிலமும் வராது, பிரபு அந்தஸ்தும் வராது. பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் தசமபாக (விளைச்சலில் சர்ச்சுக்குத் தரும் பத்தில் ஒரு பங்கு) வரைபடத்தை விட்டுவிடக் கூடாது. 1836-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வரைந்தவை. ‘டைத் மேப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒவ்வொரு வயலுக்கும் எண், உரிமையாளர், உழுபவர், பரப்பு, வயலின் பெயர் எல்லாம் இருக்கும். பெரியவர் சிறுவனாகக் கேட்ட வயல் பெயர்களை முதலில் அவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். முன்பே காட்டிவிட்டால் படித்ததையே நினைவாகச் சொல்வார்.

குரோம்வெல் கதைக்கு வருவோம். சஃபோக்கில் ஜன்னலை உடைத்தது ஆலிவர் குரோம்வெல் அல்ல. லாக்ஸ்ஃபீல்டில் பிறந்த வில்லியம் டவ்ஸிங், பாராளுமன்றப் படையின் மான்செஸ்டர் பிரபு தந்த ஆணையோடு 1644-ல் சர்ச் சர்ச்சாகப் போய் உடைத்தார்; எந்தத் தேதியில் எந்த ஊரில் எத்தனை மதப் படங்களை உடைத்தார் என்று நாட்குறிப்பும் எழுதினார். அதில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நூறு வருடம் முந்திய மதச் சீர்திருத்தக் காலத்தில் நடந்திருக்கலாம். அங்கே எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் என்று இன்னொருவர் இருக்கிறார், ஊர்ப் பேச்சில் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

சுரங்கப்பாதை இல்லாத பழைய வீடு இங்கிலாந்தில் உண்டா என்ன! பெரும்பாலானவை செங்கல் வடிகால்கள், நிலவறைகள், ஐஸ் சேமித்த குழிவீடுகள். ஆனால் பெரியவர் ஏதோ ஒரு வாயைக் கண்ணால் பார்த்திருக்கலாம். எவ்வளவு உயரம், தண்ணீர் ஓடியதா, எந்தத் திசை என்று கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். பழைய வரைபடத்தில் அங்கே ஐஸ் ஹவுஸ் என்று எழுதியிருக்கலாம். சஃபோக்கின் தொல்லியல் பதிவுகள் உள்ள ஹெரிடேஜ் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் அந்த இடத்தைப் பற்றிய பதிவையும் தேடுங்கள். தோண்டிப் பார்க்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். நிலம் இன்னொருவருடையது, பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம்.

எழுதும்போது அவர் சொன்னதை அவர் சொன்னபடியே போடுங்கள். ஆவணம் வேறு மாதிரி சொன்னால் பக்கத்தில் உங்கள் குரலில் தனியாகக் குறியுங்கள். பதிவு செய்த பேச்சின் பதிப்புரிமை பேசியவருக்குத்தான். வெளியிடவும் காப்பகத்தில் வைக்கவும் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய வம்புகளை வெளியீட்டில் நீக்கிவிடுங்கள், மூல ஒலிப்பதிவில் கை வைக்காதீர்கள். ஒரு பிரதி அவர் குடும்பத்துக்கு, ஒன்று இப்ஸ்விச்சில் ‘தி ஹோல்ட்’ கட்டடத்தில் இருக்கும் சஃபோக் காப்பகத்துக்கு. முதலிலேயே அங்கே மின்னஞ்சல் அனுப்பி, எந்தக் கோப்பு வடிவத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.